உளவுக்காரியின் குல்லாய்

பல் மருத்துவமனையின் பின்பக்க அறையில், ஜன்னலை ஒட்டி ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு, ஒருவர் இருபத்தெட்டு வருஷமாகப் பொய்ப்பல் செய்துவந்தார். முன்னறையில் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருப்பவர்களுக்கு அப்படி ஒருவர் இருப்பதே தெரியாது. டாக்டர் வாயில் அச்செடுத்து அனுப்புவார். இவர் அதில் பிளாஸ்டரைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் தட்டி எடுத்து, மெழுகில் ஈறு கட்டி, பல்லை ஒவ்வொன்றாக நிறுத்துவார். ஒரு பல் மயிரிழை உயர்ந்தாலும் போட்டுக்கொள்கிறவர் சாப்பிட முடியாது. மயிரிழை தாழ்ந்தால் பேச்சில் காற்று போகும். டாக்டரிலிருந்து தரை துடைக்கிற அம்மாள் வரை எல்லோருக்கும் அவர் பெயர் பல்செட்தான். "பல்செட் வந்தாச்சா?" என்று யாராவது கேட்டால் ஆளைக் கேட்கிறார்களா சாமானைக் கேட்கிறார்களா என்று புரியாது. இரண்டுக்கும் அவரே எழுந்து போவார்.

நாற்பத்தொன்பதாவது வயதில் அவர் சிகரெட்டை விட்டார். மனசு கேட்டுக்கொண்டது, கை கேட்கவில்லை. வீட்டில் உட்கார்ந்தால் விரல்கள் மேசையைத் தட்டும், சட்டைப் பித்தானைத் திருகும், டி.வி. ரிமோட்டின் மூடியைக் கழற்றிக் கழற்றி மாட்டும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்த மனைவி, எட்டாவது நாள் சாயங்காலம் வேலையிலிருந்து வரும்போது ஒரு பையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள். உள்ளே இரண்டு பின்னல் ஊசிகளும் பச்சை உல்லன் நூல்கண்டும், யாரோ மூன்று வரிசை பின்னிவிட்டுக் கைவிட்ட ஒரு துண்டும் இருந்தன.

"பக்கத்து கவுன்ட்டர்காரி குழந்தைக்குப் பின்னறேன்னு வாங்கினா. மூணே வரியில மூட்டை கட்டிட்டா. உங்க கைக்கு ஒரு வேலை வேணும்ல, இந்தாங்க."

மனைவி ரயில் நிலையத்தில் டிக்கெட் கொடுப்பவள். கண்ணாடிக்குப் பின்னால் இருபத்தாறு வருஷம் உட்கார்ந்தவள். எந்த விஷயத்தையும் இரண்டு வாக்கியத்தில் முடித்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுப் பழகியவள்.

செல்போனில் ஒரு வீடியோவைப் போட்டு, நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நாலே சாயங்காலத்தில் அவர் பின்னக் கற்றுக்கொண்டுவிட்டார். பல்லை வரிசையில் நிறுத்திய கைக்குக் கண்ணியை வரிசையில் நிறுத்துவது ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் ஸ்வெட்டர், சால்வை என்று பெரிய காரியம் எதையும் அவர் தொடவில்லை. மூக்குக்கண்ணாடிக்கு உறை, தேநீர்க் கெண்டிக்குச் சட்டை, கைக்குழந்தைக்குக் காலுறை, தலைக்குக் குல்லாய், இவ்வளவுதான். அதற்கு அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார்: எடுத்த நாவல் முடிவதற்குள் எடுத்த பின்னலும் முடிய வேண்டும்.

நாவல் என்றால் அவருக்குச் சரித்திர நாவல்தான். பள்ளிக்கூட நாளில் பிடித்த பைத்தியம் அது. இரண்டு கையும் ஊசியில் இருக்கும்போது படிப்பதற்காக, பிளாஸ்டரில் இரண்டு கட்டை வார்த்து, புத்தகத்தை அதில் சாய்த்து, துணி மாட்டுகிற கிளிப்பால் பக்கங்களைக் கவ்வவைத்தார். பக்கத்தைத் திருப்ப வரிசை முடியும்வரை காத்திருக்க வேண்டும். கதையில் யார் கழுத்துக்குக் கத்தி வந்திருந்தாலும் சரி, அந்த வரிசை முடிந்தால்தான் கத்தி இறங்கும்.

மற்றவர்கள் வாள்சண்டைக்காகப் படிப்பார்கள். இவருக்கு வேறு அரிப்பு. தூதன் மூன்று நாளில் வந்தான் என்று எழுதியிருந்தால், குதிரை எப்போது தின்றது என்று யோசிப்பார். சுரங்கத்தில் நூறு பேர் போனார்கள் என்றால், தீப்பந்தம் மூச்சை அடைக்காதா என்று கேட்பார். கேட்பது மனைவியிடம். அவள் நாவல் படிப்பதில்லை. "காலையிலேர்ந்து ஃபாரமா படிச்சுத் தள்றேன், வீட்டுக்கு வந்தும் எழுத்தா?" என்பாள். ஆனால் சமையலறையில் அவர் சொல்லும் கதையை ஒரு நாளும் வேண்டாம் என்றதில்லை. வெங்காயம் நறுக்குகிற கை நடுவில் நின்றால், கதை பிடித்திருக்கிறது என்று அவர் தெரிந்துகொள்வார்.

அப்படி அவள் கையை அடிக்கடி நிறுத்திய கதை ஒன்று வந்தது. மூன்று பாகம், அதுவரை இரண்டுதான் வெளியாகியிருந்தன. பனிமலை நாடு ஒன்று. ஏழு வாசல் கொண்ட கோட்டையை எதிரி பிடித்துவிட்டான். சொந்தப் படை வெளியே காட்டில் கிடக்கிறது. கோட்டைக்குள்ளே துணி வெளுக்கும் வேலையில் ஒருத்தி இருக்கிறாள். அவள் படைத்தலைவனின் உளவுக்காரி. எந்த வாசலில், எந்த ஜாமத்தில் காவல் குறைவு என்று அவள் சொல்லி அனுப்ப வேண்டும். இரவை நான்கு ஜாமமாகப் பிரிக்கிற நாடு அது. ஓலையோ துணியோ கொடுத்தால் காவலாளி பிடித்துவிடுவான். எனவே அவள் ஒரு குல்லாய் பின்னுகிறாள். வழவழப்பான பின்னலுக்கு நடுவே சில கண்ணிகளை மட்டும் மாற்றிப் போட்டு மொட்டு மொட்டாக நிறுத்துகிறாள். முதல் எண்ணிக்கை வாசல், அடுத்தது ஜாமம். விறகுக்காரன் அதைத் தலையில் மாட்டிக்கொண்டு காவலாளியின் மூக்குக்கு முன்னாலேயே நடந்துபோகிறான்.

காட்டில், விளக்கில்லாத கூடாரத்தில், படைத்தலைவன் குல்லாயை வாங்கி உச்சியிலிருந்து விரலை இறக்குகிறான். நான்கு மொட்டு. கொஞ்சம் கீழே இரண்டு மொட்டு. நான்காம் வாசல், இரண்டாம் ஜாமம். போகிறான். அங்கே எதிரி நூறு வில்லோடு காத்திருக்கிறான். படைத்தலைவன் செத்துப்போகிறான். உளவுக்காரி விலைபோய்விட்டாள் என்று ஊரே சொல்கிறது. பிற்பாடு கோட்டை மீண்டதும் அவளைப் பிடித்து நிறுத்துகிறார்கள். "நான் சரியாத்தான் அனுப்பினேன்" என்பதைத் தவிர அவள் எதுவும் பேசவில்லை. பனியில் தள்ளிக் கதவைச் சாத்துகிறார்கள். இரண்டாம் பாகம் முற்றும்.

"துரோகிதான்," என்றாள் மனைவி, கத்தியைக் கீழே வைத்துவிட்டு. "செஞ்சவங்கதான் ஒரே வாக்கியத்த திரும்பத் திரும்பச் சொல்வாங்க. டிக்கெட் இல்லாம வந்து மாட்டிக்கிட்டவன எத்தனை பேரப் பார்த்திருக்கேன்!"

"எனக்கு அதுல ஒண்ணும் இல்லம்மா. மொட்டு விரலுக்குத் தெரியுமா? இருட்டுல? அதான் எனக்கு."

"பின்னிப் பார்த்தாத் தெரிஞ்சிட்டுப் போகுது."

அவள் விளையாட்டாகச் சொன்னாள். அவர் மறுநாளே சாம்பல் நிற நூல் வாங்கிவந்தார்.

குல்லாயைக் காதோரத்து விளிம்பில்தான் ஆரம்பிப்பார்கள். நான்கு ஊசியில் கண்ணிகளைப் பங்கிட்டு, சுற்றிச் சுற்றி மேலே ஏறி, உச்சியில் ஒடுக்கி முடிப்பார்கள். அவரும் அப்படியே விளிம்பு கட்டி, ஒரு விரற்கடை உயரம் வந்ததும், முதல் மொட்டுகளைப் போடவேண்டிய வரிசைக்கு வந்தார். புத்தகத்தைப் பார்த்துக்கொண்டார். உச்சிப்பக்கம் நான்கு, விளிம்புப்பக்கம் இரண்டு. விளிம்பு இப்போது கையில் இருக்கிறது. ஆகவே இரண்டு மொட்டு போட்டார்.

போட்டவர் ஊசியை அப்படியே நிறுத்திவிட்டார்.

முதலில் வாசல், அப்புறம் ஜாமம் என்பது ஏற்பாடு. பின்னுகிறவளுக்கு முதலில் வருவது விளிம்பு. அவள் முதலில் போட்டது இரண்டு. அப்படியென்றால் அவள் சொன்ன வாசல் நான்கு இல்லை, இரண்டு. ஜாமம் இரண்டு இல்லை, நான்கு.

எழுந்துபோய் முதல் பாகத்தை எடுத்தார். இரண்டாம் வாசல் என்று எங்கோ படித்த ஞாபகம். அரைமணி நேரம் புரட்டியதில் அகப்பட்டது. கழுதைகள் தீவனம் கொண்டுவருகிற சின்ன வாசல். விடியப்போகிற நேரத்தில் அங்கே ஒரு நொண்டிக் காவலாளி மட்டும் இருப்பான். விடியப்போகிற நேரமென்றால் நான்காம் ஜாமம். நான்காம் வாசல்தான் இரவெல்லாம் நூறு வில் காவல் நிற்கிற பெரிய வாசல் என்பதும் அதே பக்கத்தில் இருந்தது.

"ஏம்மா!" என்று அவர் போட்ட சத்தத்தில் மனைவி ஈரக்கையோடு ஓடிவந்தாள். கேட்டுவிட்டு, "இதுக்கா? நான் கேஸ் கசியுதோன்னு பயந்துட்டேன்," என்றாள். ஆனால் போகவில்லை. குல்லாயை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். "அவன் என்ன முட்டாளா? கீழேருந்து படிக்கத் தோணாதா?"

நல்ல கேள்வி. முடித்த குல்லாயை மறுநாள் டிபன் பையில் வைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனார். டாக்டரைக் கண்ணை மூடச் சொல்லி, கையில் கொடுத்து, "மொட்டு எத்தனைன்னு வரிசையா சொல்லுங்க" என்றார். டாக்டர் குல்லாயை இடது முஷ்டியில் மாட்டிக்கொண்டு, வலது விரலால் உச்சியிலிருந்து தடவினார்.

"நாலு. அப்புறம் ரெண்டு. என்னய்யா பல்செட், எனக்கே டெஸ்டா?"

தரை துடைக்கிற அம்மாள் நாலு-ரெண்டு என்றாள். மருந்து விற்க வந்தவர், தண்ணீர் கேன் போடுகிறவர், பொய்ப்பல் வாங்க வந்த கணவன் மனைவி இரண்டு பேர், எல்லோரும் நாலு-ரெண்டுதான். தொப்பி என்றால் உச்சி மேலே, மேலிருந்து கீழே, யாருக்கும் வேறு மாதிரித் தோன்றவில்லை. அவர் ஒரு அச்சுச் சீட்டின் பின்பக்கத்தில் கோடு போட்டுக்கொண்டே வந்தார். ஏழாவதாக, கடைவாய்ப்பல் பிடுங்கிப் பஞ்சைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒரு பெண்மணியிடம் கொடுத்தார். பாதி வாய் மரத்திருந்தது. பெண்மணி கண்ணை மூடினார், குல்லாயை ஒருமுறை உருட்டினார், சட்டென்று தலைகீழாகக் கவிழ்த்து விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பேச முடியாமல் விரலைக் காட்டினார். இரண்டு. பிறகு நான்கு.

"அம்மா, நீங்க பின்னுவீங்களா?"

அந்தப் பெண்மணி பஞ்சோடு தலையாட்டினார். அவருடைய கைப்பையிலிருந்து ஊசி முனை ஒன்று எட்டிப்பார்த்துக்கொண்டிருந்தது.

அன்று அவர் ஒரு கீழ்வரிசைப் பல்செட்டை இரண்டு தடவை தப்பாக அடுக்கினார். கை அங்கே இருந்ததே தவிர ஆள் இல்லை. சாயங்காலம் வீட்டில் குல்லாயை வைத்துக்கொண்டு மேலும் ஒன்று கண்டுபிடித்தார். ஊசி எப்போதும் வலமிருந்து இடமாகப் போகிறது, பின்னல் கீழிருந்து மேலாக வளர்கிறது. குல்லாயைத் தலைகீழாகப் பிடித்தால் இரண்டும் ஒரேயடியாகச் சரியாகி, எழுத்தைப் போல இடமிருந்து வலமாக, மேலிருந்து கீழாக ஓடுகிறது. ஒரே ஒரு திருப்பு. அந்தப் படைத்தலைவன் மணிக்கட்டை ஒருமுறை திருப்பியிருந்தால் பிழைத்திருப்பான்.

அதை மனசுக்குள் வைத்துக்கொண்டு அவரால் இருக்க முடியவில்லை. இரண்டு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதி, குல்லாயையும் சோதனைச் சீட்டையும் சேர்த்துக் கட்டி, பதிப்பகத்தின் முகவரிக்கு, நாவலாசிரியை பார்வைக்கு என்று எழுதித் தபாலில் சேர்த்தார். "உங்கள் உளவுக்காரி தப்பு செய்யவில்லை என்று நினைக்கிறேன். தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அடியேன் பல் செய்பவன்" என்று கடிதம் முடிந்தது.

மூன்று வாரம் ஒரு சத்தமும் இல்லை. "குப்பையில போட்டிருப்பாங்க," என்றாள் மனைவி. "குல்லாய மட்டும் தலையில போட்டிருப்பாங்க."

நான்காவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து இருவரும் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. பெண் குரல், கொஞ்சம் கரகரப்பு.

"பல் செய்யறவரா? நான்தான் அந்தக் கதைய எழுதினவ."

அவர் ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எதற்கென்று தெரியாமல் எழுந்து நிற்பவர்போல நிமிர்ந்து நின்றார். மனைவி ஸ்பீக்கரைத் தட்டிவிட்டாள்.

"முதல்லயே சொல்லிடறேன்," என்றார் நாவலாசிரியை. "எனக்குப் பின்னத் தெரியாது. ஊசியக் கையில பிடிச்சதே இல்ல. அவள நான் துரோகியாத்தான் எழுதினேன். மூணாம் பாகத்துல அவ எதிரிகிட்ட என்ன வாங்கினான்னு ஒரு அத்தியாயமே இருக்கு. ரெண்டாம் வாசல நான் கழுதைக்காக வெச்சேன் சார், வேற எதுக்கும் இல்ல."

"மன்னிச்சுக்குங்கம்மா, நான் சும்மா ஒரு..."

"இருங்க. ஒரு வாரம் உங்க மேல பயங்கரக் கோபம். ஏழு வருஷமா எழுதற கதை, ஒருத்தர் ஒரு குல்லாய அனுப்பிக் கவுத்துட்டாரேன்னு. அலமாரியில தூக்கிப் போட்டேன். ஆனா எழுத உட்கார்ந்தா அந்த அத்தியாயம் பொய்யாத் தெரியுது. நானே எழுதினது எனக்கே பொய்யாத் தெரியுது! அதனால உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். பதில் இருந்தாச் சொல்லுங்க, இல்லேன்னா நான் பழைய வழியிலயே போயிடுவேன்."

"கேளுங்க."

"அவ கெட்டிக்காரி. ஏழு மாசம் எதிரி வீட்டுத் துணிய வெளுத்து, பிடிபடாம இருந்தவ. படிக்கறவன் உச்சியிலேர்ந்து ஆரம்பிப்பான்னு அவளுக்கு ஏன் தோணல? இதுதான் ஆரம்பம்னு ஒரு அடையாளம் வெச்சிருக்கலாமே?"

இத்தனை நாள் படைத்தலைவனின் கையைப் பற்றியே யோசித்தவர், அவளுடைய மனசைப் பற்றி யோசிக்கவே இல்லை. கெட்டிக்காரி இவ்வளவு பெரிய ஓட்டையை விடுவாளா? அவருடைய கண்டுபிடிப்பு முழுவதும் அந்த ஒரு கேள்வியில் சரிந்துவிடும்போல இருந்தது.

மனைவி கழுவிய தட்டைக் கவிழ்த்து வைத்தாள். "நான் சொல்லலாமா?" என்றாள்.

"யாரு பேசறது?"

"அவரோட வீட்டுக்காரி. ஸ்டேஷன்ல டிக்கெட் கொடுக்கறவ. அவள துரோகின்னு முதல்ல சொன்னதே நான்தான். ஆனா நீங்க இப்ப கேட்டதும் ஒண்ணு ஞாபகம் வருது. நான் வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம், எல்லார்கிட்டயும் 'இடது பக்கமாப் போங்க, பிளாட்பாரம் வரும்'னு சொல்லிக்கிட்டே இருந்தேன். பாதிப் பேர் சுவத்துல போய் முட்டிக்கிட்டுத் திரும்பி வந்து என்னையே திட்டுவாங்க. எனக்குக் கோபம், நான் சரியாத்தானே சொல்றேன்! ஒருநாள் லீவுல, டிக்கெட் வாங்க நானே வெளியில நின்னேன். அப்பத்தான் தெரிஞ்சுது. எனக்கு இடதுன்னா அவங்களுக்கு வலது. நான் மூணு வருஷமா எதிர்ப்பக்கத்த பார்க்கவே இல்ல. நானும் முட்டாள் இல்ல மேடம்."

போனில் பேனா மூடி கழலுகிற ஒலி கேட்டது.

"இன்னொரு தடவை சொல்லுங்க," என்றார் நாவலாசிரியை. "அந்தக் கடைசி வாக்கியத்த அப்படியே."

அதற்கப்புறம் ஆறேழு தடவை போன் வந்தது. நாவலாசிரியை பாதி நேரம் அவரைக் கேட்பார். பாதி நேரம் "வீட்டுக்காரிகிட்ட கொடுங்க" என்பார். ஒரு குல்லாய்க்கு எத்தனை நாள் ஆகும், வெளுத்து வெளுத்துத் தடித்த விரலால் பின்ன முடியுமா, பிரித்தால் நூலில் சுருள் எத்தனை நாள் நிற்கும் என்பதெல்லாம் அவருடைய பங்கு. ஒருத்தி நியாயம் பேச விரும்பாவிட்டால் எப்படி வாயை மூடிக்கொள்வாள், நிற்கிற தோரணையிலேயே பொய்யைக் கண்டுபிடிக்க முடியுமா என்பதெல்லாம் மனைவியுடைய பங்கு. நூலின் சுருளைப் பார்ப்பதற்காக அவர் ஒரு காலுறையை வேண்டுமென்றே பிரித்துக் கொடியில் தொங்கவிட்டு, நாள்தோறும் ஸ்கேலால் அளந்தார். வீட்டுக்கு வந்தவர்கள் அது என்ன என்று கேட்டால், "பிரிச்சுப் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆச்சு, இன்னும் சுருள் போகல பாருங்க" என்பார். வந்தவர்கள் பேச்சை மாற்றிக்கொள்வார்கள்.

மூன்றாம் பாகம் அடுத்த வருஷம் வந்தது. பதிப்பகமே பார்சலில் அனுப்பியிருந்தது. முகப்பில், பல் செய்யும் ஒருவருக்கும் டிக்கெட் கொடுக்கும் ஒருவருக்கும் நன்றி என்று ஒரு வரி. மனைவி அந்தப் பக்கத்தைச் செல்போனில் படமெடுத்துப் பக்கத்து கவுன்ட்டர்காரிக்கு அனுப்பினாள். "மூணு வரியோட நிறுத்தினியே, பார்த்தியா!" என்று கூடவே ஒரு செய்தி.

அவர் அதை நாலு நாளில் படித்தார். ஊசியைத் தொடாமல் படித்த முதல் நாவல் அது. செத்துப்போன படைத்தலைவனின் தங்கை, அண்ணனுடைய பெட்டியில் அந்தக் குல்லாயைப் பார்க்கிறாள். அவளுக்குப் பின்னத் தெரியும். மடியில் கவிழ்த்துப் போட்டுத் தடவுகிறாள். இரண்டு, நான்கு. தான் நியாயம் சொல்லும் சபையில் உட்கார்ந்து, ஒருத்தியை வெளியே பனியில் தள்ளக் கையைத் தூக்கியது அவளுக்கு ஞாபகம் வருகிறது. குல்லாயை எடுத்துக்கொண்டு கணவாயை நோக்கிக் கிளம்புகிறாள். அதன்பின் வருகிற இருநூறு பக்கமும் தேடல்தான்.

உளவுக்காரிமேல் பழி இல்லை என்றானதும் சந்தோஷமாக இருக்கும் என்று அவர் நினைத்திருந்தார். இருக்கவில்லை. அவள் துரோகியாக இருந்தவரை அந்த ஊர் செய்தது சரி. புத்தகத்தை மூடிவிட்டுத் தூங்கலாம். இப்போது ஒரு ஊர் முழுவதும் எழுந்து நின்று தன் கையைப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதுவும் அவர் அனுப்பிய ஒரு குல்லாயால். கடைசி நூறு பக்கத்தை அவர் அடிக்கடி மூடி வைத்துவிட்டுப் பால்கனியில் போய் நின்றார்.

நாவலாசிரியைக்குப் போன் செய்து அதைச் சொன்னார்.

"வருத்தப்படறீங்களா?" என்று கேட்டார் நாவலாசிரியை.

"தெரியலம்மா. துரோகியாவே விட்டிருந்தா யாருக்கும் இவ்வளவு வலி இல்லையேன்னு தோணுது."

"எனக்கும் தோணுச்சு. ஆனா அந்தக் கதைய அப்படியே நான் எழுதி முடிச்சிருந்தா, இந்தத் தங்கச்சி யாருன்னே எனக்குத் தெரிஞ்சிருக்காது. முதல் ரெண்டு பாகத்துலயும் அவ ரெண்டு தடவைதான் வாயத் திறந்தா."

அது சரிதான் என்று அவருக்குப் பட்டது. போனை வைத்துவிட்டு அறைக்குள் போனார். நாற்காலியில் மனைவி உட்கார்ந்திருந்தாள். பிளாஸ்டர்க் கட்டையில் சாய்த்திருந்த மூன்றாம் பாகத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, நூற்றுப் பத்தாவது பக்கத்துக்கு வந்திருந்தாள். அடுப்பில் எதுவும் இல்லை.

"அந்தத் தங்கச்சி கணவாய்க்கிட்ட வந்ததும்..." என்று ஆரம்பித்தார்.

"ஒரு வார்த்தை பேசக்கூடாது!" என்றாள் அவள், தலையைத் தூக்காமல். "நான் இன்னும் பெட்டியத் திறந்த இடத்துலதான் சுத்திக்கிட்டிருக்கேன். திரும்பப் படிக்கிறேன்."

அவர் சமையலறைக்குப் போய் வெங்காயத்தை எடுத்தார். எத்தனை பேருக்கு எத்தனை வெங்காயம் என்று அவருக்கு இதுநாள்வரை தெரியாது. இரண்டு எடுத்தார், யோசித்து இன்னொன்று எடுத்தார். கணவாயில் பனி இடுப்பளவு என்று எழுதியிருந்தார்களே, அந்தத் தங்கை என்ன செருப்புப் போட்டிருந்தாள் என்று கேட்க மறந்துவிட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அறைப்பக்கம் எட்டிப்பார்த்தார். மனைவியின் விரல் ஒரு வரியின் கீழே அசையாமல் நின்றிருந்தது. வெங்காயத்தைத் தோலுரிக்க ஆரம்பித்தார்.